ரத்தம் வாசிப்பதில்லை

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் நாதஸ்வர இசைத்தட்டுகள் பற்றிக் கட்டுரை வாசித்தேன். தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் தோளில் கை வைத்து, "நல்லா இருந்துச்சு தம்பி. உங்களுக்கென்ன, ரத்தத்துலயே இருக்கே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் அந்தச் சொல் குத்த ஆரம்பித்தது.

எனக்கு நாதஸ்வரம் வாசிக்கத் தெரியாது. ஏழாம் வகுப்பு படிக்கும்போது பெரியப்பாவிடம் எட்டு மாதம் கற்றுக்கொண்டு, சரளி வரிசையைத் தாண்டாமல் ஓடிப்போனவன் நான். ரத்தத்தில் இருந்திருந்தால் அந்த எட்டு மாதத்தில் ஒரு சொட்டாவது சீவாளி வழியாக வந்திருக்க வேண்டும். எச்சில்தான் வந்தது.

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மருத்துவர் சாதி. முகூர்த்த நாளில் நாயனம், மற்ற நாளில் கத்திரி. ஊர் எங்களை எந்தப் பெயரில் கூப்பிட்டது என்பதை இங்கே எழுதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியும். பெரியப்பா நாற்பது வருடம் நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில் வாசித்தார். முகப்பில் ஓர் ஓரமாக ஜமுக்காளம் விரித்திருக்கும். உள்ளே வளவில் சடங்கு நடக்கும். திருப்பூட்டும் நேரத்தில் யாரோ கையசைப்பார்கள், கெட்டிமேளம் கொட்ட வேண்டும். அபசகுனமாக ஒரு தும்மல்கூடக் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொட்டப்படுவது அது. வேறு ஒலியைக் கேட்கவிடாமல் செய்வதுதான் வேலை என்றான பிறகு, வாசிப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

இந்தக் கதையை ஜாஸ் பியானோவிலிருந்து தொடங்குவதுதான் எனக்கு வசதி. நாதஸ்வரத்தைக் கேட்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆர்ட் டேட்டம். பார்வை ஏறக்குறைய முழுதும் இழந்த ஒரு கறுப்பின அமெரிக்கப் பியானோ கலைஞர்.

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் விடுதி நண்பன் ஒருவன் டேட்டம் 1933-ல் பதிவு செய்த 'டைகர் ராக்' இணைப்பை அனுப்பினான். முதலில் வேகத்தைக் கூட்டிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இப்படி ஏமாந்தவன் நான் மட்டுமல்ல. பின்னாளில் பெரும் பியானோ மேதையான ஆஸ்கர் பீட்டர்சனுக்குச் சிறுவயதில் அவருடைய அப்பா இதே இசைத்தட்டைப் போட்டுக் காட்டியபோது, இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று நினைத்தாராம். ஒருவர்தான் என்று தெரிந்ததும் சில வாரங்கள் பியானோவைத் தொடவே இல்லை.

வேகம் நம்மை வாயடைக்க வைக்கும். வாயடைத்தவன் கேட்பதை நிறுத்திவிடுகிறான், அதுதான் ஆபத்து. 'அடேயப்பா' என்று சொல்லிவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுவோம். அதனால் டேட்டத்தைக் கேட்க 'டைகர் ராக்' நல்ல வாசல் இல்லை என்பது என் கருத்து. அதே ஆண்டு பதிவான 'டீ ஃபார் டூ' கேளுங்கள். 1920-களின் ஒரு நாடகப் பாட்டு அது. மெட்டு ஒரு குழந்தைகூட முணுமுணுக்கும் அளவு எளிது.

முதல் தடவை இடது கையை மட்டும் கேளுங்கள். அடியில் ஒரு தாழ்ந்த சுரம், உடனே நடுவில் ஒரு கூட்டுச்சுரம், மறுபடி அடியில், மறுபடி நடுவில். 'ஸ்ட்ரைட்' என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு தாவலும் ஒரு சாண், சில சமயம் இரண்டு சாண் தூரம். கண்ணால் அளக்க முடியாத மனிதர் இதைச் செய்கிறார் என்றால் அந்தத் தூரம் அவர் தோளுக்கும் முழங்கைக்கும் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். இரண்டாம் தடவை வலது கை. மேலிருந்து கீழே மணிகள் கொட்டியதுபோல ஓர் ஓட்டம் வரும். அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். தாளத்தின் தலையில், ஒரு மயிரிழை பிசகாமல். மூன்றாம் தடவை, மெட்டுக்கு அடியில் இருக்கும் கூட்டுச்சுரங்கள். பாட்டை எழுதியவர் வைத்தவற்றை எடுத்துவிட்டு வேறு வைக்கிறார் டேட்டம். வழக்கமான தெருவில் போகாமல் மூன்று சந்து சுற்றி, அதே வீட்டு வாசலுக்கு, அதே நேரத்துக்கு வந்து நிற்கிறார். ஒவ்வொரு சந்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதையும் ஒரு நொடிக்குள் எடுத்தாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் 'பிறவி மேதை' என்று எப்படிச் சொல்வது? டேட்டம் 1909-ல் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் பிறந்தார். தானியங்கிப் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்களையும் இசைத்தட்டுகளையும் கேட்டுக் கேட்டுப் பழகினார். கண் தெரியாதவர்களுக்கான பள்ளியில் படித்தார். டொலிடோ இசைப்பள்ளியில் ஓவர்ட்டன் ரெய்னி என்ற ஆசிரியரிடம் முறையாகப் பயின்றார். வேலை முடிந்தபின் விடிய விடிய வேறு விடுதிகளில் உட்கார்ந்து வாசித்தார். 1953 டிசம்பரில் நார்மன் கிரான்ஸ் என்ற தயாரிப்பாளர் அவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார வைத்தபோது இரண்டே நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்தார், பெரும்பாலும் ஒரே எடுப்பில். முப்பது வருடம் சேர்த்து வைத்தது அந்த இரண்டு நாளில் இறங்கியது.

ஆனால் ஜாஸ் பற்றி எழுதிய ஆரம்பகால வெள்ளை விமர்சகர்கள் பலர் இதை 'இயல்பூக்கம்' என்றார்கள், ஆப்பிரிக்க ரத்தத்தின் தாளம் என்றார்கள். கறுப்பர்களுக்கு இசை தானாக வரும், யோசித்து வராது என்பது அதன் பொருள். யோசித்துத்தான் செய்கிறார் என்று மறுக்க முடியாதபடி ஒருவர் வந்து நின்றால் குறை வேறு விதமாக வரும். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே ஓதேர் 1950-களில் டேட்டத்தின் மேல் வைத்த குறை, தெரிந்த பாட்டுகளுக்கு அலங்காரம் செய்கிறார், அவ்வளவுதான் என்பது. அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. டேட்டத்தின் சில பதிவுகளில் ஓட்டம் ஓட்டத்துக்காகவே வருகிறது, எனக்கும் அலுத்திருக்கிறது. ஆனால் உணர்ச்சி இருந்தால் 'ரத்தம்', நுணுக்கம் இருந்தால் 'வெறும் வித்தை' என்று இரண்டு பக்கமும் கதவடைப்பதை விமர்சனம் என்று சொல்ல முடியாது.

இந்தக் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி அடைக்கப்படுவதும் இல்லை. இன்றைய ஜாஸ் பியானோவின் முன்னணிக் கலைஞர்களில் ஒருவர் விஜய் ஐயர், அமெரிக்காவில் பிறந்த தமிழர். பின்னொட்டு நம் வாசகர்களைத் துணுக்குறச் செய்யலாம், எனக்கும் செய்தது. பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர் அவர். கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்தவர் என்பதால் விமர்சகர்கள் அவர் இசையைக் 'கணிதம்', 'மூளை' என்றே எழுதித் தள்ளினார்கள். அவருக்கே அது பிடிக்கவில்லை. 1998-ல் பெர்க்லியில் அவர் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேடு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசையில் உடலின் இடத்தைப் பற்றியது. இசையைக் கேட்பது என்பது வாசிக்கும் உடலின் அசைவைக் கேட்பதும்தான் என்ற திசையில் போகிறது அது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குப் பொறாமை தரும் ஆய்வேடு. ஆக, ஒருவருக்கு ரத்தம், இன்னொருவருக்கு மூளை. யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பார்த்துத்தான் சொல் வருகிறது. நம் சபாக்களில் இல்லையா? பாடகருக்கு 'ஞானம்', நாயனக்காரருக்கு 'நல்ல ஊத்து'.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபது வயது. பல் போனதால் சீவாளி உதட்டில் நிற்பதில்லை, வாசிப்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் என் காதுக்கருவியை அவர் காதில் மாட்டி 'டீ ஃபார் டூ' போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார்.

"இடது கை தவுல்காரன் வேலை பாக்குதுடா. வலது கைதான் நாயனம்" என்றார். அப்புறம், "இவரு காலைல எத்தன மணிக்கு எந்திரிப்பாரு?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில்தான் தூங்கவே போவார் பெரியப்பா என்றேன். "எப்பவோ ஒரு நேரம் சாதகம் பண்ணியிருக்கான்ல. அதத்தான் கேட்டேன்" என்றார். பேராசிரியருக்கு ரத்தம் கேட்ட இடத்தில் பெரியப்பாவுக்குச் சாதகம் கேட்கிறது. அவர் நான்கு மணிக்கு எழுந்து கண்மாய்க்கரையில் நின்று ஊதியவர்.

அதற்குப் பிறகுதான் நான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டை ஒழுங்காகக் கேட்டேன். அதற்கு முன்பும் நூறு தடவை கேட்டிருக்கிறேன், பெருமையாக, பின்னணியில். அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். கோயில் வீதியில் மணிக்கணக்கில் தோடியை விரிக்கிற மனிதர் மூன்று நிமிடக் கூட்டுக்குள் அதை வைக்க வேண்டும். எதை விடுவது, எதில் தங்குவது? பியானோவில் 88 கட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் நிலையாக நிற்கும். நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழே துளைகள். தோடியின் காந்தாரம் எந்தத் துளையிலும் தயாராக இல்லை. விரலைப் பாதி மூடி, உதட்டை இறுக்கி, மூச்சின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, அந்த அசைவை உண்டாக்க வேண்டும். அதையே பிருகாவின் வேகத்தில் செய்ய வேண்டும். யார் பெரியவர் என்று இருவரையும் ஒப்பிடுவது வெட்டிவேலை. ஆனால் மூச்சு எங்கே வாங்குகிறார் என்று தேடிக் கேட்கும்போது, டேட்டத்தின் இடது கையைத் தேடிக் கேட்ட அதே காது வேலை செய்கிறது. டேட்டம் 1956 நவம்பர் 5-ல் இறந்தார். ராஜரத்தினம் அதே ஆண்டு டிசம்பர் 12-ல். முப்பத்தேழு நாள் இடைவெளி. இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, ஆனாலும் முதன்முதலில் கவனித்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ராஜரத்தினம் வாசித்தது மட்டுமல்ல, எப்படி நின்று வாசிப்பது, எங்கே உட்கார்வது என்பதற்கும் போராடியவர். தலையைக் கிராப் வெட்டிக்கொண்டார், ஷெர்வானி போட்டார், பாடகருக்கு உள்ள மேடை தனக்கும் வேண்டும் என்றார். திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தத் திமிர் இல்லையென்றால் நாதஸ்வரம் இன்னும் கொஞ்ச காலம் தெருவிலேயே நின்றிருக்கும். கருவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. சுருதி குறைந்த நீளமான பாரி நாயனத்தை நிலைநிறுத்தியதில் அவருக்கும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிக்கும் பங்கு உண்டு. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்வது அது. 'ரத்தத்திலிருந்து' வந்திருந்தால் ஆசாரியிடம் போக வேண்டிய தேவை என்ன?

எங்கள் செட்டிநாட்டுக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு வந்தார். தோளில் துண்டு. வியர்வை துடைக்க வைத்திருந்த துண்டு. மேளக்காரன் நம் முன்னால் தோளில் துண்டு போடுவதா என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் எடுக்கச் சொன்னார்கள். எடுக்காதே, வாசி என்று பக்கத்தில் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. சுயமரியாதை இயக்க மேடைகளில் இதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். நானும் அழகிரியின் துணிச்சலுக்கான கதையாகவே கேட்டு வளர்ந்தேன். இப்போது எனக்கு அந்தத் துண்டின் வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. வியர்க்கிறது என்றால் உழைப்பு நடக்கிறது. உழைப்பு நடக்கிறது என்றால் அது சாதியின் சொத்து இல்லை, வாசிக்கிறவனின் சொத்து. துண்டை இறக்கச் சொன்னவர்களுக்கு வியர்வை கண்ணில் படக் கூடாது. 1940-களில் தமிழிசை இயக்கத்துக்குத் தோள்கொடுத்த அண்ணாமலை செட்டியாரின் ஊரும் இதே கானாடுகாத்தான்தான். தமிழில் பாட வேண்டும் என்பதற்கு இயக்கம் இருந்தது. தமிழ் வாசித்தவனின் தோளுக்கு வேறு இயக்கம் தேவைப்பட்டது.

பியானோ உலகத்திலும் ஒரு துண்டுக் கதை உண்டு. ஹேசல் ஸ்காட் என்ற கறுப்பினப் பெண் பியானோ கலைஞர், வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து உட்கார வைக்கும் அரங்கில் வாசிக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவார். 1948-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் அரங்கு நிறைந்திருக்க, நடுவில் பிரித்திருப்பதைப் பார்த்தவர் வாசிக்காமலே திரும்பிப் போனார். அவர் வாசித்த பதிவுகளைக் கேட்கும்போது வாசிக்க மறுத்த அந்த இரவும் எனக்குச் சேர்ந்தே கேட்கிறது.

'ரத்தத்துலயே இருக்கு' என்ற பாராட்டு ஏன் என்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று கேட்கலாம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கிறதா? அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தோம், அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சியில் போனது. 2023-ல் விஸ்வகர்மா திட்டம் வந்தபோது அதே விவாதம் மறுபடி எழுந்தது. திட்டமாக வந்தால் நமக்கு அடையாளம் தெரிகிறது. பாராட்டாக வந்தால் நாமே கைதட்டுகிறோம். ஒடுக்கப்பட்ட சாதிக் கலைஞரின் காணொளியைப் பகிரும்போது நம் தோழர்களே 'மண்ணின் ரத்தம்', 'மரபணுவிலேயே இசை' என்று எழுதுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் ரத்தத்தில் நாயனம் இருந்தால் அதே ரத்தத்தில் கத்திரியும் இருக்கும், இன்னொருவர் ரத்தத்தில் மலக்குழியும் இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறுக்க முடியாது.

ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா தஞ்சாவூர்ப் பாணியைத் தேடி வந்து கற்று, ராஜரத்தினத்தின் வழியில் வாசித்து, ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தார். அவர் வீட்டிலும் நாயனம் தலைமுறையாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தஞ்சாவூர்ப் பாணி அவருக்குத் தகப்பன் வழியில் வரவில்லை. காது வழியில் வந்தது.

இசைத்தட்டு இதில் இரண்டு வேலை செய்கிறது. காரைக்குடிக்காரர்களுக்கு இந்தப் பண்டம் புதிதல்ல. ஏ.வி. மெய்யப்பன் படத் தயாரிப்புக்கு வருமுன் கையில் எடுத்தது இசைத்தட்டு வியாபாரத்தைத்தான். இசைத்தட்டில் தோளில் துண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. முகப்பா, வளவா என்பது தெரியாது. வீட்டுக்குள் விடாத மனிதரின் மூச்சு வீட்டின் நடுக்கூடத்தில் கேட்டது, அது பெரிய காரியம். கூடவே வியர்வையும் மறைந்துபோனது. உழைப்பைப் பார்க்காத காதுக்கு அது மாயம்போலக் கேட்டது. மாயத்துக்கு 'ரத்தம்' என்று விளக்கம் சொல்வது சுலபம். 1940-ஐ ஒட்டி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஜெர்ரி நியூமன் என்ற மாணவர், கையோடு கொண்டுபோன கருவியில் டேட்டத்தை இரவு விடுதிகளில் பதிவு செய்தார். கண்ணாடிக் குவளைச் சத்தம், பேச்சு, சிரிப்பு எல்லாம் அதில் கேட்கும். ஒலித்தரம் மோசம். எனக்கு அவைதான் பிடிக்கும். அங்கே ஒரு மனிதர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்பது அவற்றில்தான் தெளிவாகக் கேட்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்ததில் வந்த பீங்கான், கதவு, தூண், இசைத்தட்டுப் பெட்டி. போன மாதம் ஒரு கடையில் நாதஸ்வரத் தட்டு ஒன்றைக் கண்டெடுத்தேன். ஒடுங்கிய விளிம்பு, தாள் பாதி கிழிந்திருந்தது, வாசித்தவர் பெயர் இருந்த பாதிதான் கிழிந்திருந்தது. ஓட்டல்காரர்கள் சுவரில் மாட்ட வாங்கிப் போவார்கள் என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன். போட்டுக் கேட்க இன்னும் கருவி கிடைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். பெரியப்பா முகப்பில் ஓரமாக உட்கார்ந்தார் என்றால், பறை வாசித்தவர்கள் தெருமுனையைத் தாண்டவில்லை. பெரிய கோயில்களில் இசை வேளாளர்கள் எங்களைச் சேர்க்கவில்லை என்று குறைபட்ட எங்கள் வீட்டில், பறை அடிக்கும் தாத்தா வந்தால் தண்ணீர் தனிச் செம்பில்தான் போகும். அந்தச் செம்பை நான் பார்த்திருக்கிறேன், தூக்கிக் கொடுத்தும் இருக்கிறேன். நாயனத்துக்காவது இசைத்தட்டு, வாசித்தவர் பெயர், பட்டம் எல்லாம் இருந்தன. அந்தத் தாத்தா அடித்த அடியின் கணக்கு எந்தத் தட்டிலும் இல்லை. அவரைப் பற்றியும் எங்கள் வீட்டில் சொன்னது அதே வாக்கியம்தான்: "அவனுக ரத்தத்துல இருக்குது."

அவருடைய மகனுக்கு இப்போது அறுபது வயதிருக்கும். செருவைக் கட்டிக்கொண்டு இன்னும் வாசிக்கிறார். எந்த அடியை யாரிடம் எத்தனை நாளில் கற்றார், எந்த விரல் முதலில் வலித்தது, தோலைக் காய்ச்சும் பக்குவத்தை எப்படிக் கண்டுபிடிப்பார் என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று போனில் சொன்னேன். "சாவு வீடு, கோயில் கொடைனு ஓடிட்டிருக்கேன் தம்பி, ஆடி முடியட்டும்" என்றார். தேதி குறித்துக்கொண்டேன்.